அடுத்த எலும்பைக் காத்தல்: முதியோரின் முதுகெலும்பு அமுக்க முறிவும் மருத்துவமும்

(கோயம்புத்தூரில் ஆற்றப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



முதுமையில் எலும்பு வலுவிழந்து, மேலிருந்து இறங்கும் சுமையைத் தாங்கமாட்டாமல் முதுகெலும்பின் ஒரு பகுதி நசுங்கிப்போவதே அமுக்க முறிவு எனப்படுகிறது. இந்நோயுடன் மருத்துவமனைக்கு அழைத்து வரப்படும் முதியவரின் குடும்பத்தார் பெரும்பாலும் மூன்று கேள்விகளைக் கேட்கின்றனர்: பெல்ட் போட்டால் போதுமா, சிமெண்ட் வைக்க வேண்டுமா, ஆபரேஷன் தேவைப்படுமா? மூன்றும் நியாயமானவை, மூன்றுக்கும் இச்சொற்பொழிவில் விடை கூறப்படும். ஆயினும் இம்மூன்றும் ஏற்கெனவே நசுங்கிவிட்ட எலும்பைப் பற்றியனவேயன்றி, அதற்கு மேலும் கீழும் இன்னும் நசுங்காதிருக்கும் எலும்புகளைப் பற்றியன அல்ல. அமுக்க முறிவுக்கான எந்த மருத்துவத்தையும், அது இன்றைய வலியை எவ்வளவு குறைத்தது என்பதோடு, அடுத்த எலும்பை நசுங்காமல் காத்ததா என்பதையும் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பதும், பின்னதில் தவறிய மருத்துவம் பாதி மருத்துவமே என்பதும் இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும்.

1

முதுகெலும்புத் தொடரில் மார்புப் பகுதியில் 12 முள்ளெலும்புகளும் இடுப்புப் பகுதியில் 5 முள்ளெலும்புகளும் உள்ளன. அமுக்க முறிவு மிகுதியாக நிகழ்வது இவ்விரு பகுதிகளும் சந்திக்கும் இடத்தில், அதாவது மார்பின் 12ஆம் முள்ளெலும்பிலும் இடுப்பின் முதல் முள்ளெலும்பிலும் ஆகும். விலா எலும்புகளால் பிணைக்கப்பட்டு அசைவு குன்றியிருக்கும் மேற்பகுதியும், தாராளமாக வளையும் கீழ்ப்பகுதியும் அங்கே இணைவதால், குனியும்போது எழும் விசை அந்த இடத்திலேயே குவிகிறது. முள்ளெலும்பின் புற ஓடு மெல்லியது. உள்ளே நிறைந்திருப்பது தேன்கூட்டின் அறைகளைப் போன்ற பஞ்செலும்பு. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறையவே, பழைய எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களின் வேகத்துக்குப் புதிய எலும்பைக் கட்டும் உயிரணுக்களால் ஈடுகொடுக்க இயலாமல் போகிறது. அவ்வறைகளின் சுவர்கள் மெலிந்து, சில அறுந்தும் போகின்றன. இந்நிலையே எலும்புப்புரை. பின்னர் முன்பக்கம் மட்டும் நசுங்கி எலும்பு ஆப்பு வடிவம் கொள்ளும்போது உடல் முன்னோக்கிச் சாய்கிறது. இரண்டு மூன்று எலும்புகள் அவ்வாறானால் கூன் நிலைத்துவிடுகிறது. கூன் விழுந்தால் மார்புக்கூடு வயிற்றின்மேல் இறங்குவதால், மூச்சும் பசியும் குறைகின்றன.

இதற்குப் பெரிய விபத்து எதுவும் தேவையில்லை என்பதே பலரும் நம்ப மறுக்கும் செய்தி. நிரம்பிய குடத்தை இடுப்புக்கு ஏற்றுவது, மாட்டுத் தீவன மூட்டையை நகர்த்துவது, படுக்கையடியிலிருந்து பெட்டியை இழுப்பது ஆகியவையே போதும். டவுன் பஸ்ஸின் கடைசி இருக்கையில் அமர்ந்து செல்லும் முதியவர், வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கும்போது இருக்கையிலிருந்து எழும்பி மீண்டும் அதில் விழுகிறார். பின்சக்கரங்களுக்கும் பின்னால் உள்ள அந்த இருக்கையில் ஏற்படும் குலுக்கல், இடுப்பின் முதல் முள்ளெலும்பை நசுக்கப் போதுமானது. வலி முதுகில் தோன்றி விலாவைச் சுற்றி வயிற்றுக்கு வருவதுண்டு என்பதால், வாயு என்று கருதி ஓமநீர் குடிப்பதும், சுளுக்கு என்று கருதி முதுகை மிதிக்கச் செய்வதும் கிராமங்களில் இன்னும் நடக்கின்றன. இவற்றுள் இரண்டாவது உண்மையிலேயே கேடு விளைவிப்பது. முதுகெலும்பு முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அவை நிகழும் காலத்தில் எந்த மருத்துவராலும் அறியப்படாமலே போகின்றன என்பது உலக அளவில் பலமுறை உறுதிசெய்யப்பட்ட கணிப்பு.

2

மருத்துவத்துக்கு முன் மூன்று உண்மைகளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். முறிவு புதியதா, பழையதா என்பது முதலாவது. எக்ஸ்ரே எலும்பின் வடிவத்தைக் காட்டுமேயன்றி அதன் வயதைக் காட்டாது. கொழுப்பின் ஒளியை அடக்கி நீர்க்கோவையை மட்டும் வெண்மையாகக் காட்டும் வகை எம்.ஆர்.ஐ. படமே முறிவு அண்மையது என்பதற்குச் சான்று. படுத்த நிலையில் எடுத்த எக்ஸ்ரேயில் ஏறத்தாழ இயல்பாகத் தோன்றும் எலும்பு, நின்ற நிலையில் எடுத்த படத்தில் பாதி உயரத்துக்கு நசுங்கியிருப்பதும் உண்டு. ஆகவே தாங்கக்கூடியவருக்கு நின்ற நிலைப் படமும் எடுக்கப்பட வேண்டும்.

முறிவுக்குக் காரணம் எலும்புப்புரைதானா என்பது இரண்டாவது. வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோய், எலும்பு மஜ்ஜையில் தோன்றும் மையலோமா, நம் நாட்டில் ஒருபோதும் மறக்கக்கூடாத முதுகெலும்புக் காசநோய் ஆகிய மூன்றும் அதே தோற்றத்தில் வரக்கூடும். காய்ச்சல், உடல் மெலிவு, படுத்திருந்தாலும் தணியாத இரவு வலி ஆகியவை இருந்தால் ஐயம் கொள்ள வேண்டும். ரத்தத்தில் கால்சியம், கிரியேட்டினின், சிவப்பணுப் படிவு வேகம், புரதப் பகுப்பு ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நெடுநாள் உண்ட ஸ்டீராய்டு மாத்திரைகளைப் பற்றியும், பெயர்ச்சீட்டு இல்லாமல் பொட்டலமாகக் கிடைத்த வலி மருந்துகளைப் பற்றியும் கேட்டறிய வேண்டும். ஸ்டீராய்டு எலும்பை விரைந்து மெலிவிப்பது.

நரம்பு நசுங்கியுள்ளதா என்பது மூன்றாவது. கால் தளர்ந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடிழந்தாலோ அது அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அவசர நிலை.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா சோதனையைப் பற்றி இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த வரையறைப்படி, இளம் வயதினரின் சராசரியிலிருந்து 2.5 திட்டவிலக்கமோ அதற்கு மேலோ குறைந்த அளவு எலும்புப்புரையாகும். ஆனால் முதியோரின் இடுப்பு முள்ளெலும்புகளில் வளர்ந்திருக்கும் எலும்பு முனைப்புகள் இவ்வளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். தருமபுரி, சேலம் பகுதிகளில் புளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைப் பல்லாண்டுகள் குடித்தவர்களுக்கு எலும்பு அடர்த்தியாகத் தெரிந்தும் உறுதியற்றதாக இருக்கக்கூடும். ஆகவே சிறு விசையில் முள்ளெலும்பு நசுங்கிய ஒருவருக்கு, வேறு நோய் இல்லையென்று உறுதியானபின், டெக்ஸா எண் என்ன கூறினாலும் எலும்புப்புரை இருப்பதாகவே கொண்டு மருத்துவம் செய்தல் வேண்டும்.

3

பெரும்பாலோர்க்கு அறுவையோ ஊசியோ இன்றியே வலி தணிகிறது; ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் எலும்பு, நசுங்கிய வடிவிலேயே, கூடிவிடுகிறது. அவ்வாரங்களை எவ்வாறு கடப்பது என்பதே அறுவையில்லா மருத்துவத்தின் உள்ளடக்கம்.

படுக்கை ஓய்வு சில நாள்களுக்கு மேல் நீளக்கூடாது. எலும்பு சுமையைத் தாங்குவதால் வலுப்பெறுவது. படுத்தே கிடக்கும் உடலில் எலும்பும் தசையும் நாள்தோறும் கரைகின்றன, நுரையீரலில் சளி தேங்குகிறது, கால் சிரைகளில் ரத்தம் உறைகிறது, முதுகில் புண் தோன்றுகிறது. பாசத்தோடு அம்மாயியைக் கட்டிலை விட்டு இறங்கவிடாமல் இரண்டு மாதம் வைத்திருக்கும் குடும்பம், தன் எண்ணத்துக்கு மாறாக, அடுத்த முறிவுக்கு வழி செய்கிறது. எழும் முறையைக் கற்பித்தலே உண்மையான உதவி: மல்லாந்த நிலையிலிருந்து நேரே எழாமல், தோளும் இடுப்பும் ஒருசேரத் திரும்புமாறு ஒருக்களித்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கீழ்க்கையை ஊன்றி எழ வேண்டும்.

வலி மருந்தில் பாராசிட்டமால் முதலிடம் பெறுகிறது. வீக்கம் தணிக்கும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் தாக்குவதால், நீரிழிவும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு அவற்றைச் சில நாள்களுக்கு மேல் தரலாகாது. டிரமடால் போன்றவை தலைசுற்றலையும் மலச்சிக்கலையும் உண்டாக்கும். தலைசுற்றி விழுவதும், முக்குவதால் முதுகில் அழுத்தம் ஏறுவதும் இந்நோயாளிக்குச் சிறு தொல்லைகள் அல்ல என்பதால், அம்மருந்தோடு மலமிளக்கியும் எழுதப்பட வேண்டும்.

பெல்ட் எனப் பொதுவாகக் கூறப்படும் முதுகுப் பட்டையால் எலும்பு விரைந்து கூடுகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. எழுந்து நடக்கும் துணிவை அது தருமாயின் அதுவே அதன் பயன். தோளிலும் இடுப்பிலும் வார்களைக் கொண்ட டெய்லர் பட்டை இங்கே மிகுதியாக எழுதித் தரப்படுகிறது. கோடை வெயிலில் பருத்திச் சட்டை அணியாமல் அதை இறுக்கினால் தோல் புண்ணாகிறது. மாதக்கணக்கில் அணிந்தால் முதுகுத் தசை சோம்புகிறது. நடக்கும் வேளையில் மட்டும் அணிந்து, ஆறு முதல் எட்டு வாரங்களில் அதிலிருந்து விலகுதல் நல்லது.

உடற்பயிற்சியில் திசை முதன்மையானது. மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த சினாக்கியும் மிக்கெல்சனும் எலும்புப்புரை கொண்ட 59 பெண்களைப் பற்றி 1984இல் வெளியிட்ட ஆய்வில், முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சி செய்தோரில் 16 விழுக்காட்டினருக்கும், முன்னோக்கி வளைக்கும் பயிற்சி செய்தோரில் 89 விழுக்காட்டினருக்கும் புதிய நசுங்கல்கள் காணப்பட்டன. ஆய்வு சிறிதே, ஆனால் அவ்வேறுபாட்டின் பருமன் புறக்கணிக்கத்தக்கதன்று. யோகாசனம் பரவலாகப் பயிலப்படும் இந்நகரில், எலும்புப்புரை உடையோர் கால் விரலைத் தொடும் பாதஹஸ்தாசனத்தையும் பச்சிமோத்தாசனத்தையும் தவிர்க்க வேண்டும் என்பதை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் இன்றியமையாதது. வாசல் கூட்டுவதும் கோலமிடுவதும் அதே வளைவுதான். நீண்ட பிடி கொண்ட துடைப்பம் இங்கே மருத்துவச் சாதனமாகவே கருதத்தக்கது.

4

சிமெண்ட் வைத்தல் என மக்கள் கூறும் வெர்டிப்ரோபிளாஸ்டி, பிரான்சின் அமியான் நகரில் கலிபேர், தெராமோன் ஆகியோரால் 1984இல், கழுத்து முள்ளெலும்பில் தோன்றிய ரத்தக்குழாய்க் கட்டி ஒன்றுக்காக முதலில் செய்யப்பட்டது. எக்ஸ்ரே திரையைப் பார்த்தவாறு முதுகின் வழியே தடித்த ஊசியை எலும்பின் உள்ளே செலுத்தி, இடுப்பு மூட்டு மாற்றத்தில் பயன்படும் அதே அக்ரிலிக் சிமெண்டைச் சில மில்லிலிட்டர் அளவு உட்செலுத்தினால், அது நிமிடங்களில் இறுகி எலும்பின் உள்ளசைவைத் தடுக்கிறது. 1990களின் இறுதியில் அமெரிக்காவில் அறிமுகமான கைபோபிளாஸ்டியில், முதலில் ஒரு பலூனை எலும்பினுள் ஊதி இடம் உண்டாக்கி, இழந்த உயரத்தில் ஒரு பகுதியை மீட்ட பின் சிமெண்ட் நிரப்பப்படுகிறது, செலவு பலமடங்கு.

கட்டிலில் புரள முடியாமல் வந்தவர் மறுநாள் நடந்து சென்ற காட்சிகள் பல மருத்துவர்களுக்கு இம்முறையின்மேல் உறுதியான நம்பிக்கையைத் தந்தன. அந்நம்பிக்கை 2009 ஆகஸ்டில் சோதனைக்குள்ளாயிற்று. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஒரே வெளியீட்டில் இரு ஆய்வுகள் வந்தன: கால்ம்ஸ் தலைமையில் 131 பேரிடமும், ஆஸ்திரேலியாவில் புக்பைண்டர் தலைமையில் 78 பேரிடமும் நடந்தவை. இரண்டிலும் பாதிப் பேருக்குச் சிமெண்ட் வைக்கப்பட்டது. மீதிப் பேருக்குப் போலிச் செயல்முறை நடத்தப்பட்டது. கால்ம்ஸ் ஆய்வில் போலிச் செயல்முறையின்போதும் தோல் மரத்துப்போகும் ஊசி எலும்பின் மேலுறை வரை போடப்பட்டது, முதுகில் அழுத்தம் தரப்பட்டது, சிமெண்டின் கடும் நெடி அறையில் பரவுமாறு அதன் திரவக் குப்பி திறந்துவைக்கப்பட்டது. நோயாளி எக்குழுவில் இருக்கிறார் என்பதை அவரே அறியாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. ஒரு மாதத்தில் இரு குழுவினரின் வலியும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது.

விவாதம் அத்தோடு முடியவில்லை. நெதர்லாந்தில் 202 பேரிடம் நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வில், போலிச் செயல்முறை இன்றி வெறும் மருந்தோடு ஒப்பிட்டபோது சிமெண்ட் முந்தியது. அதே நாட்டினர் 180 பேரிடம் போலிச் செயல்முறையோடு ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டபோது அம்முந்துதல் மறைந்தது. இதற்கு மாறாக 2016இல் ஆஸ்திரேலியாவில் 120 பேரிடம் நடந்த ஆய்வு, முறிந்து ஆறு வாரம் கடக்காதவர்களையும் கடும் வலி உடையவர்களையும் மட்டுமே சேர்த்துக்கொண்டு, சிமெண்டால் பயன் உண்டு என்று கண்டது. இவையனைத்தையும் எடைபோட்ட காக்ரேன் தொகுப்பாய்வு 2018இலும், அமெரிக்க எலும்பு, கனிம ஆய்வுச் சங்கத்தின் வல்லுநர் குழு 2019இலும் இதை வழக்கமான மருத்துவமாகக் கொள்ளச் சான்று இல்லை என்றே முடிவு கூறின.

இச்சான்றுகளிலிருந்து பெறப்படும் தெளிவு இதுவாகும்: முறிவு அண்மையது என்று எம்.ஆர்.ஐ. காட்டி, முறையான மருந்தும் இயன்முறை மருத்துவமும் பெற்றும் சில வாரங்களாக எழவே இயலாதவர்க்கும், எலும்பினுள் ரத்த ஓட்டம் அற்று வெற்றிடம் தோன்றும் கூமெல் நோய் உடையவர்க்கும் சிமெண்ட் ஒரு நியாயமான வாய்ப்பு. வலி தணிந்துவரும் ஒருவர்க்கு, எக்ஸ்ரேயில் எலும்பு நசுங்கித் தெரிகிறது என்பதற்காக மட்டும் அதைச் செய்தல் நியாயமன்று. சிமெண்ட் கசிவு பெரும்பாலும் தீங்கின்றிப் போனாலும், அரிதாக நரம்புக் குழாய்க்குள்ளோ நுரையீரல் ரத்தக்குழாய்க்குள்ளோ செல்வதுண்டு என்பதைக் கையொப்பம் பெறுமுன் தமிழில், குடும்பத்தார் புரிந்துகொள்ளுமாறு கூறுதல் மருத்துவரின் கடமை. அடுத்த எலும்பைக் காப்பதற்குச் சிமெண்ட் எதுவும் செய்வதில்லை என்பதையும் அதே வேளையில் கூறிவிட வேண்டும்.

5

திறந்த அறுவை சிலருக்கே தேவைப்படுவது. ஜெர்மானிய எலும்பு மற்றும் விபத்து மருத்துவச் சங்கத்தார் இம்முறிவுகளை, எம்.ஆர்.ஐ.யில் நீர்க்கோவை மட்டும் தெரியும் முதல் நிலையிலிருந்து, எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்க்கட்டும் அறுந்துபோகும் ஐந்தாம் நிலை வரை வகைப்படுத்தி, வலி, நடமாட்டம், நரம்புக் குறை, பிற நோய்கள் ஆகியவற்றுக்கு மதிப்பெண் தந்து முடிவெடுக்கும் முறையை வகுத்தனர். கோவை கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் பன்னாட்டு வல்லுநர்களோடு சேர்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரை, எலும்புப்புரை முறிவுகள் இளைஞரின் விபத்து முறிவுகளிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றன என்பதையும் அவற்றுக்குரிய மருத்துவ வழிமுறையையும் விளக்குகிறது. நரம்பு நசுங்குதல், எலும்பு முற்றும் உடைந்து நிலைகுலைதல், கூன் தொடர்ந்து மோசமாதல் ஆகியவற்றில் திருகாணிகளும் தண்டுகளும் பொருத்தப்படுகின்றன. மெலிந்த எலும்பில் திருகாணி பிடிப்பிழக்கும் என்பதால் அதைச் சுற்றியும் சிமெண்ட் இடுவதுண்டு. இங்கும், பொருத்திய பகுதிக்கு மேலேயுள்ள எலும்பு நசுங்கும் ஆபத்து தொடர்கிறது.

6

முள்ளெலும்பு முறிந்த பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் மற்றொரு முள்ளெலும்பு முறிகிறது என்று 2001இல் லிண்ட்சே குழுவினர் காட்டினர். அந்த ஓராண்டே மருந்துக்குரிய காலம். நடைமுறையிலோ, வலி தணிந்தவுடன் குடும்பம் மருத்துவமனையை மறந்துவிடுகிறது, மருத்துவமனையும் அவர்களை அழைப்பதில்லை. கவலைக்குரிய குறை இதுவே.

எலும்புக் கரைவைத் தடுக்கும் மருந்துகளில் அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை வாரம் ஒருமுறை உண்பது, விலை மலிவானது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமலும் காப்பியோ உணவோ கொள்ளாமலும் இருக்க வேண்டும். தவறினால் உணவுக்குழாய் புண்ணாகும், மருந்தும் உடலில் சேராது. இந்த ஒழுங்கு இயலாதவர்க்கு ஆண்டுக்கு ஒருமுறை சிரை வழியே ஏற்றப்படும் சோலெட்ரோனிக் அமிலம் 5 மில்லிகிராம் ஏற்றது. 2007இல் வெளிவந்த பெரும் ஆய்வில் அது மூன்றாண்டுகளில் முள்ளெலும்பு முறிவுகளை 70 விழுக்காடு குறைத்தது. முதல் முறை ஏற்றியபின் இரண்டொரு நாள் காய்ச்சல் வருவது இயல்பு என்று முன்கூட்டியே கூறாவிடில், குடும்பத்தார் அஞ்சி மறு ஆண்டு வரமாட்டார்கள். சிறுநீரகம் மிகத் தளர்ந்தவர்க்கு இது கூடாது. வைட்டமின் டி குறை இருப்பின் அதை முதலில் சரிசெய்தல் வேண்டும்; வெயில் மிகுந்த நம் நாட்டிலும் அக்குறை பரவலாக உள்ளது.

டெனோசுமாப் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலடியில் போடப்படும் ஊசி. அதை நாள் தவறவிட்டாலோ மாற்று மருந்தின்றி நிறுத்தினாலோ அடக்கப்பட்ட கரைவு மும்முரமாகத் திரும்பி, ஒரே சமயத்தில் பல முள்ளெலும்புகள் நசுங்குவதுண்டு. ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்லும் வால்பாறை எஸ்டேட்டில் வாழும் ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிலாளிக்கு இதைத் தொடங்குமுன், அடுத்த ஊசியை யார், எங்கே, எந்நாளில் போடுவர் என்பதை முடிவுசெய்தாக வேண்டும்.

எலும்பைப் புதிதாகக் கட்டும் மருந்துகள் வேறு வகை. டெரிபாராடைட் நாள்தோறும் 20 மைக்ரோகிராம் வீதம் இரண்டாண்டு வரை தாமே போட்டுக்கொள்ளும் ஊசி. முள்ளெலும்பு முறிந்தவர்களிடம் நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வில், வழக்கமான ரிசெட்ரோனேட் மாத்திரை உண்டோரில் 12 விழுக்காட்டினருக்கும் டெரிபாராடைட் போட்டோரில் 5.4 விழுக்காட்டினருக்கும் இரண்டாண்டில் புதிய முள்ளெலும்பு முறிவு ஏற்பட்டது. ஆகவே இரண்டு மூன்று எலும்புகள் நசுங்கியவர்க்கு, செலவைத் தாங்க இயலுமாயின், கட்டும் மருந்தில் தொடங்கிக் கரைவைத் தடுக்கும் மருந்தில் தொடர்வதே முறையான வரிசை. சிமெண்டுக்குச் செலவிட முன்வரும் குடும்பத்துக்கு இந்த ஒப்பீட்டை எடுத்துக்காட்டுதல் தகும்.

உணவைப் பற்றி நெடிது கூறத் தேவையில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. நூறு கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்கு அது உள்ளது. பாலும் எள்ளும் கொள்ளும் துணை நிற்கும். ஆயினும் முறிவு நேர்ந்தபின் உணவு மட்டும் போதாது. மருந்துக்கு மாற்றாக ராகிக் களியை நம்பியிருத்தல் ஆபத்து.

7

ஆண்களுக்கு இந்நோய் வராது என்னும் எண்ணத்தால் அப்பிச்சியின் முதுகுவலி பெரும்பாலும் வயதின்மேல் ஏற்றப்பட்டு விடப்படுகிறது. மது, புகை, ஸ்டீராய்டு, புரோஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் மருத்துவம் ஆகியவை ஆண்களின் எலும்பையும் மெலிவிப்பவை.

2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் ரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளும் இயன்முறை மருத்துவமும் வீட்டுக்கே செல்கின்றன. அவ்வாறு வீடு தேடிச் செல்வோர் எலும்புப்புரையையும் தம் பணியில் சேர்த்துக்கொள்ளக் கருவி எதுவும் தேவைப்படாது. குதிகாலைச் சுவரில் பதித்து நிமிர்ந்து நிற்கும் முதியவரின் பின்தலை சுவரைத் தொடவில்லையெனில் மார்பு முள்ளெலும்பும், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி இல்லையெனில் இடுப்பு முள்ளெலும்பும் நசுங்கியிருக்கக்கூடும். இளமையில் இருந்த உயரத்தில் 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தாலும் அதே ஐயம் எழ வேண்டும். இம்மூன்றில் ஒன்று தென்பட்டவரை வட்டார மருத்துவமனைக்கு அனுப்பி ஒரு பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்கச் செய்வதும், முறிவு உறுதியானவருக்கு வாராந்தர அலெண்ட்ரோனேட்டை ரத்த அழுத்த மாத்திரையோடு அதே பையில் வீட்டில் சேர்ப்பதும், ஊசி மருந்து பெறுபவருக்கு அடுத்த ஊசிக்குரிய நாளை அவருடைய மருத்துவ அட்டையில் எழுதிவைத்து அந்நாளில் நினைவூட்டுவதும், இம்மன்றத்தில் அமர்ந்திருக்கும் மருத்துவ அலுவலர்கள் தத்தம் வட்டாரங்களில் தொடங்கக்கூடிய பணிகள்.